நாட்டார் விரலில் முதல் ஊசி

கடலோரக் குப்பங்களுக்குப் போய்ச் சர்க்கரை, பிரஷர் பார்ப்பது என் வேலை. போன வருடம் திருப்போரூரிலிருந்து பஸ் பிடித்து, எனக்குப் புதிதான ஒரு குப்பத்துக்குப் போனேன். மீன் ஏலக்கூடத்தில் மேஜை போட்டு உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரமாகியும் ஒருவரும் விரலை நீட்டவில்லை. எனக்கு வந்ததே கோபம்!

மீன் விற்கும் அக்கா ஒருவர்தான் இரக்கப்பட்டார். "நாட்டார் வராம யாரு வருவா? கோயில்ல மொத மாலையே அவருக்குத்தான். அவராண்ட ஒரு வார்த்த சொன்னியா?"

சொல்லவில்லை. ஊர்ப் பெரியவரைக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அம்மன் கோயில் வாசலில் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த நாட்டாரிடம் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? சரி, மொதல்ல எனக்குக் குத்து" என்று ஏலக்கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார்.

புயலில் படகு ஓட்டியவர், ஊசியைப் பார்த்ததும் கண்களை இறுக மூடிக்கொண்டார். சர்க்கரை முந்நூற்று எண்பது! காலில் கிளிஞ்சல் கிழித்த புண் ஒரு மாதமாக ஆறாத காரணம் அப்போதுதான் புரிந்தது. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்று பிறகு ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். அன்று நாட்டார் எழுந்த கையோடு ஏலக்கூடத்தில் நீண்ட வரிசை சேர்ந்துவிட்டது.

இப்போது புண் ஆறிவிட்டது. நானும் எந்தக் குப்பத்துக்குப் போனாலும், மேஜை போடும் முன் நாட்டாரைப் பார்த்துவிடுகிறேன். இந்தக் குப்பத்தில் மட்டும் அந்த வேலை இல்லை. நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கோயில் மைக்கில் அவர் குரல் கேட்கிறது:

"ஊசி குத்துற பொண்ணு வந்துகினு கீது. எல்லாரும் வாங்க. எனக்குக் குத்தும்போது நான் கண்ணக்கூட மூடல!"