லோகேஸ்வரி ஒளித்து வைத்த ஷாட்டுகள்

லோகேஸ்வரிக்கு யாரையும் லேசில் நம்ப வராது. கிள்ளான் பாசாரில் மீன்காரர் "ஃபிரெஷ் லா அக்கா" என்றால் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். பார்த்த பிறகும் முகம் தெளியாது. அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கணவர் நாகையா, லோரி ஓட்டுகிறவர், ஒரு காதல் பாட்டை எழுதித் தானே பாடியும் வைத்திருந்தார். யாரை நினைத்து எழுதியது என்று கேட்டால், "சும்மாதான்" என்பார். அந்தச் 'சும்மா' அவளைத் தூங்கவிடவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் வார இறுதி வீடியோ வகுப்பில் படிக்கிறவள், பாடத்துக்குச் செய்ய வேண்டிய வீடியோவுக்கு அந்தப் பாட்டையே எடுத்துக்கொண்டாள். கேமரா முன்னால் பாடவிட்டால் மனுஷன் எங்காவது மாட்டாமலா போவார்?

முதல் எடிட்டைப் பார்த்த ரிஸ்வானா டீச்சர், "ஏதோ குறையுதுக்கா. முழு ஃபைலையும் அனுப்புங்க, ஒக்காந்து பாக்குறேன்" என்றார். முழு ஃபைல் எதற்கு? சுட்டு வேறு பெயரில் போட்டுக்கொள்ளவா? சின்னப் பெண், எப்போதும் சிரித்த முகம். அதுதான் லோகேஸ்வரிக்கு இடித்தது.

ட்ரோனில் எடுத்த பாலம், பட்டுச்சேலையில் தான் நடந்துவரும் ஸ்லோமோஷன் என்று நல்ல ஷாட்டுகளையெல்லாம் உருவி ஒளித்து வைத்தாள். காலியான இடங்களில், வேண்டாமென்று கழித்த துண்டுகளை ஒட்டி அனுப்பினாள். திருடினால் இதைத் திருடட்டும்!

அடுத்த வகுப்பில் டீச்சர் தனியாகக் கூப்பிட்டார். கண்டுபிடித்துவிட்டார் என்றே நினைத்துக்கொண்டு போனாள்.

"அக்கா, இப்பதான் இது வீடியோ. முன்ன சேலைக்கடை விளம்பரம் மாதிரி இருந்துச்சு."

லோகேஸ்வரிக்குச் சுருக்கென்றது. டீச்சர் அதைக் கவனிக்கவில்லை; சத்தத்தை அணைத்து ஒரு துண்டை ஓட்டினார். "இன்னும் ஆரம்பிக்கல" என்று நாகையாவிடம் பொய் சொல்லிவிட்டு, லோகேஸ்வரி ஃபோனை இடுப்போடு பிடித்துக் கள்ளத்தனமாக எடுத்தது அது. லோரிப் படியில் உட்கார்ந்து தே தாரிக் டீயைக் குடிக்கிறார். நிமிர்கிறார். எதிரே பார்த்ததும் முகமெல்லாம் விரிந்து சிரிக்கிறார்.

"பாட்டு யாருக்குன்னு இங்கதான் தெரியுது. இத மட்டும் எடுத்துறாதீங்க. யாரப் பாக்குறாரு, அக்கா?"

அன்று எடுக்கும்போது லோகேஸ்வரி குனிந்து ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாடவில்லையே என்று அந்தத் துண்டைக் கழித்தும் விட்டாள்.

வீட்டுக்குப் போகும் ரயிலில் அந்தத் துண்டை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். அவர் கண் ஃபோனுக்குச் சற்று மேலே பதிந்திருந்தது. அப்படியென்றால் அன்று தனக்குப் பின்னால் யார் நின்றது? பக்கத்து வீட்டு உஷாராணியா? அவள்தான் அடிக்கடி வாசலுக்கு வருவாள். மனம் விடாமல் தோண்டியது.

சுபாங் ஜெயா தாண்டும்போது ஞாபகம் வந்தது. வெயில் தாங்காமல் முதுகைச் சுவரோடு ஒட்டித்தான் நின்றிருந்தாள். பின்னால் ஒரு ஆள் நிற்க இடமே கிடையாது.

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்க, லோகேஸ்வரி அழுதாள்.