பஸ்மியாவின் இடைவேளைச் செய்திகள்

இதை வாசிப்பவர் யாராக இருந்தாலும், தயவுசெய்து ஒருவருக்கும் காட்டாதீர்கள். படம் எடுத்து எந்தக் குரூப்பிலும் போடாதீர்கள். எங்கள் வகுப்பில் பஸ்மியாவைத் தெரிந்தவர்களுக்காகத்தான் எழுதத் தொடங்கினேன். ஆனால் அவர்களிடம் கொடுக்கத் தைரியம் வருமா என்று தெரியவில்லை. அப்பா அடுத்த அறையில்தான் இருக்கிறார். இன்னும் தூங்கவில்லை, இருமுவது கேட்கிறது.

செவ்வாய்க்கிழமை காலை நான் சப்பாத்து போட்டுக்கொண்டிருந்தபோது அம்மாவின் போனுக்கு அந்தச் செய்தி வந்தது. "நம்ம பஸ்மியா வபாத்தாகிட்டா." டெங்குக் காய்ச்சல், ஆறே நாளில் போய்விட்டாள். ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு படியில் உட்கார்ந்திருந்தேன். வேன் வந்து ஹோன் அடித்துவிட்டுப் போய்விட்டது.

மத்தியானத்துக்குள் இரண்டாவது செய்தி வந்துவிட்டது. முஸ்லிம் பிள்ளை என்பதால் ஆஸ்பத்திரியில் அவளைக் கவனிக்காமல் விட்டார்களாம். சிங்கள நர்ஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். யார் எழுதியது என்று தெரியாது. கை மாறிக் கை மாறி வந்திருந்தது. அதற்குக் கீழே கோபமான பதில்கள், அந்தப் பதில்களுக்கு மற்றப் பக்கத்தின் கோபமான பதில்கள்.

"அது பொய்ப்பா. நான் அங்க இருந்தேன், பாத்தேன்" என்று அப்பாவிடம் சொன்னேன்.

"பாத்தா பாத்ததோட இரு. நம்ம கடைக்கு எல்லா சனமும் வருது. நீ எதச் சொன்னாலும் ஒரு பக்கத்துக்குப் பிடிக்காது. நமக்கு எதுக்கும்மா?"

அவரைக் குறை சொல்ல மாட்டேன். முஸ்லிம் கடைகளை எரித்த கலவர நாட்களில், எங்கள் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவர் தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டவள் நான்.

அந்த நாட்களில்தான் பஸ்மியா செய்தி வாசிக்கத் தொடங்கினாள். பள்ளிக்கூடம் திறந்ததும் எல்லோரும் வகுப்புக்குள் செய்தியோடுதான் வந்தோம். எங்கே எரிந்தது, அடுத்தது எந்த ஊர், யார் யாருடைய கடையில் சாமான் வாங்கக் கூடாது. யாரும் சொல்லாமலே முஸ்லிம் பிள்ளைகள் ஜன்னல் பக்கமும் தமிழ்ப் பிள்ளைகள் நாங்கள் சுவர்ப் பக்கமுமாக இடம் மாறிப் போனோம். ஒருநாள் இடைவேளையில் பஸ்மியா மேசை மேல் ஏறி நின்றாள். சுருட்டிய கொப்பிதான் மைக்.

"இங்க ஒரு சட்டம் ஈக்குது. கேள்விப்பட்ட செய்தி ஒன்னு செல்றவ, கண்ணால கண்ட செய்தி ஒன்னும் செல்லணும். ஏலாட்டி எனக்கு கன்டீன்ல ரோல்ஸ் வாங்கித் தரணும்."

பிறகு ரேடியோக் குரலில் தொடங்கினாள். "முக்கியச் செய்திகள். இன்று காலை கலகெதர பஸ்ஸில் கோழியொன்று இருக்கையில் அமர்ந்து பயணம் செய்தது. கணித ஆசிரியை நின்றுகொண்டு பயணம் செய்தார். எழும்புமாறு கேட்டபோது கோழி கருத்துத் தெரிவிக்க மறுத்துவிட்டது."

சுவர்ப் பக்கமும் ஜன்னல் பக்கமும் சேர்ந்து சிரித்தன. வாசலில் கணித டீச்சரும் நின்றிருந்தார். அவரும் சிரித்துவிட்டார்.

கண்ணால் கண்டதைச் சொல் என்றால் எங்களில் பலரிடம் பயங்கரமாக ஒன்றும் இருக்கவில்லை. பாணும் பணிஸும் விற்கிற ஓட்டோ வழமைபோலத் தெருவுக்கு வந்ததைக் கண்டோம், அவ்வளவுதான். ஆனால் ஒரு பிள்ளை மட்டும் எழுந்து, "எங்கட மாமாட கடை எரியிறதக் கண்டேன்" என்றாள். பஸ்மியா மேசையிலிருந்து இறங்கினாள். "இதுக்குச் சிரிக்க ஏலா. இது நெசம்" என்று சொல்லி, மணி அடிக்கும்வரை அவளுக்குப் பக்கத்திலேயே இருந்தாள்.

பள்ளிக்கூடத் தண்ணீர்த் தாங்கியில் விஷம் கலந்துவிட்டார்கள் என்று ஒருநாள் மெசேஜ் வந்தது. சின்ன வகுப்புப் பிள்ளைகள் அழுதார்கள். பஸ்மியா தாங்கிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "இந்தச் செய்தியாளர் காலையிலிருந்து மூன்று போத்தல் தண்ணீர் குடித்துள்ளார். தற்போதைய நிலவரம்: அவசரமாக ஒன்றுக்குப் போக வேண்டும். வேறு நோய் அறிகுறி எதுவும் இல்லை." அழுத பிள்ளைகளே அவளுக்கு வழிவிட்டுச் சிரித்தார்கள்.

ஆஸ்பத்திரியிலும் அவள் வாசித்தாள். அந்தச் செய்தி வருவதற்கு முந்தின நாள், திங்கட்கிழமைப் பின்னேரம் அம்மாவும் நானும் போனபோது அவளுடைய உதடு காய்ந்திருந்தது. இரத்தத்தில் பிளேட்லெட் குறைந்துகொண்டே போன சோதனை முடிவைக் கிரிக்கெட் ஸ்கோர் போலச் சொன்னாள். "விக்கெட் மளமளவென்று விழுகிறது. ரசிகர்கள் அமைதி காக்கவும்." அவளுடைய உம்மா அழுகையை அடக்கிக்கொண்டு சிரித்தார்.

நான் கண்ணால் கண்டதை இப்போது சொல்கிறேன். அந்தச் சிங்கள நர்ஸ் மிஸ் வேலை முடித்து, உடுப்பு மாற்றி, தோளில் பையோடு வந்தார். பஸ்மியா சிங்களத்தில், "உங்கள் தெல்தெனிய கடைசி பஸ் போய்விடும் மிஸ், போங்கள்" என்றாள். "பஸ் நாளைக்கும் வரும் மகளே" என்று சொன்ன மிஸ் பையைக் கதிரையில் வைத்தார். பஞ்சை நனைத்து அவளுடைய உதட்டைத் துடைத்தார். பார்வையாளர் நேரம் முடிந்து நாங்கள் வெளியேறியபோதும் அந்தப் பை கதிரையில்தான் இருந்தது.

வதந்தியோடு சண்டை பிடித்தவளைப் பற்றியே இப்போது ஒரு வதந்தி. அது இன்னும் எத்தனை கடை ஷட்டர்களை இறக்க வைக்குமோ.

பஸ்மியாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தச் சட்டத்தைத்தான். அதற்குப் பெரிய தைரியம் தேவையில்லை. கண்டதைச் சொன்னால் போதும். நாளை இடைவேளையில் நான் மேசை மேல் ஏறப்போகிறேன். முதலில் எல்லோரையும் சிரிக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். நுளம்பு பெருகும் என்று பயந்து அப்பா நேற்று வீட்டில் தேங்கிய தண்ணீரையெல்லாம் கொட்டினார், தோசைக்கு ஊறப்போட்ட உளுந்தையும் சேர்த்து. அம்மா பேசிய பேச்சு அடுத்த தெருவரைக்கும் கேட்டது. அதைச் சொல்வேன். அவர்கள் சிரித்து முடித்ததும் மிஸ்ஸுடைய பையைப் பற்றிச் சொல்வேன்.

அப்பா கதவைத் தட்டுகிறார். "இன்னும் தூங்கலியா? யாருக்கும்மா எழுதுற?"

கொப்பியைத் தலையணைக்குக் கீழே தள்ளப் பார்த்தேன். வேண்டாம். முதலில் அவருக்கே வாசித்துக் காட்டப்போகிறேன்.