தசரதனின் ஜன்னலை மறைத்த டிவி

தசரதன் உயிரோடுதான் இருக்கிறார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் செத்துப்போய்விட்டதாக எங்கள் டிப்போவில் பாதிப் பேர் நம்பினார்கள். அது எப்படி நடந்தது என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

என் பெயர் புகழேந்தி. திருவண்ணாமலையிலிருந்து போளூர் வழியாக வேலூர் போகும் பஸ்ஸில் நான் கண்டக்டர், அவர் டிரைவர். என் வேலைக் காலத்தில் பெரும்பகுதி அவர் முதுகைப் பார்த்தபடியே கழிந்தது. வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசமாட்டார். ஆனால் எதிரே வரும் எந்த பஸ்ஸுக்கும் கையைத் தூக்காமல் விட்டதில்லை. எங்களுக்கு முன்னால் ஓடி எங்கள் வசூலைப் பிடுங்கித் தின்கிற தனியார் பஸ்காரனுக்கும் அதே மரியாதைதான். எனக்கு எரிச்சலாக வரும். அவனுக்கெல்லாம் எதற்கு என்று கேட்டால், "அவனும் இதே ரோட்லதானப்பா சாவறான்" என்பார். அதோடு பேச்சு முடிந்தது.

பிடிவாதக்காரர். ஒரு பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டம் படிக்கட்டில் புளிமூட்டையாகத் தொங்கியது. அத்தனை பேரும் உள்ளே ஏறினால்தான் வண்டி நகரும் என்று சொல்லி இன்ஜினை அணைத்துவிட்டார். ஜனங்கள் அவரையும் திட்டினார்கள், சும்மா நின்ற என்னையும் திட்டினார்கள். நான் பதிலுக்குத் திட்டினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கடைசியில் கூட்டம்தான் வழிக்கு வந்தது.

ஓய்வு பெற்ற கொஞ்ச காலத்திலேயே பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சு குழறியது. இடது கை மட்டும் மிச்சம். வேங்கிக்காலில் வேலூர் ரோட்டை ஒட்டிய மூலை மனையில் அவர் வீடு. ரோட்டைப் பார்த்த ஹால் ஜன்னலோரம் அவர் மனைவி சந்திரம்மாள் அண்ணி கட்டிலைப் போட்டுக் கொடுத்தார். அதிலிருந்து அவருக்கு ஒரு புது வேலை கிடைத்தது.

அந்த வழியாகப் போகும் எங்கள் பஸ் ஒவ்வொன்றும் வீட்டருகே வந்ததும் ஹாரனை இரண்டு முறை சின்னதாகத் தட்டும். உள்ளே இவர் இடது கையைத் தூக்குவார். டிரைவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் போவான். யாரும் பேசி வைத்துக்கொண்டதல்ல, தானாக வந்த பழக்கம். சத்தத்தை வைத்தே யார் ஓட்டுகிறார்கள் என்று சொல்லிவிடுவார். "மணிவேலு. செகண்ட் கியர்லயே இழுத்துனு வரான் பாரு, தடிமாடு" என்று அவர் குழறினால் எனக்கும் அண்ணிக்கும் மட்டும் புரியும். அந்த வீட்டில் கடிகாரமே அதுதான். முதல் போளூர் வண்டி போனால் காபி, அது திரும்பி வந்தால் மாத்திரை. ஹாரனுக்குக் கையைத் தூக்க வேண்டும் என்பதற்காகவே விடிவதற்குள் முகம் கழுவி, சட்டை மாட்டி உட்கார்ந்துவிடுவார்.

அவர் மகன் செழியன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். நல்ல பையன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், ஆனாலும் நல்ல பையன்தான். தினமும் சாயங்காலம் போன் பண்ணி, "அப்பா இன்னா பண்றாரும்மா?" என்று கேட்பான். "ஜன்னலப் பாத்துனு இருக்காரு" என்பார் அண்ணி. தினமும் இதே கேள்வி, இதே பதில். கேட்டுக் கேட்டு அவன் மனசு புண்ணாகிவிட்டதாம். அப்பா வெறும் ஜன்னலைப் பார்த்துக் காலம் தள்ளுகிறாரே என்று உருகியிருக்கிறான். அந்த ஜன்னலில் என்னதான் இருக்கிறது என்று ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கலாம் இல்லையா? வருவான், அப்பாவின் காலைத் தொடுவான், மாத்திரை டப்பாவை எண்ணுவான், மாடிக்குப் போய் லேப்டாப்பைத் திறந்துவிடுவான்.

அந்தச் சனிக்கிழமை கடை வேனோடு வந்து இறங்கினான். தொண்ணூற்றெட்டு இஞ்ச் டிவி. எய்ட் கே என்று அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தது. பெட்டி வாசலில் நுழையவில்லை. கதவைக் கழற்றி உள்ளே கொண்டுவந்தார்கள். நான் வழக்கம்போலப் போயிருந்தேன். ஹாலின் ஒரு சுவரில் சமையலறை வாசல், ஒன்றில் அறைக் கதவுகள், ஒன்றில் தலைவாசல். மிச்சம் ஜன்னல் இருக்கிற சுவர்.

"எங்கடா மாட்டப் போற?"

"அங்கதான் மாமா. ஜன்னலச் சாத்திட்டு மேல பிளைவுட் அடிச்சிட்டா ஸ்டிராங்கா நிக்கும்."

"உங்கப்பாவுக்கு அந்த ஜன்னல் வேணும்டா."

"எத்தினி நாளைக்கு மாமா அதையே பாத்துனு இருப்பாரு? மனசு ஒடிஞ்சிடும். இதுல உலகமே தெரியும்."

தசரதன் கட்டிலிலிருந்து ஏதோ சொன்னார். மகனுக்குப் புரியவில்லை. "சந்தோசப்படறாரு" என்று அவனே அர்த்தம் சொல்லிக்கொண்டான். அவர் சொன்னது 'வேணாம்' என்று நான் சொன்னேன். "அப்பா எதுக்குதான் வேணும்னு சொல்லியிருக்காரு?" என்று சிரித்துவிட்டு ஏணியைப் பிடிக்கப் போனான். அண்ணி என்னைப் பார்த்து வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். மகன் ஆசையாகச் செய்கிறான், சண்டை வேண்டாமாம். ஆசையாகச் செய்தால் எதை வேண்டுமானாலும் செய்யலாமா?

கடைப் பையனை மடக்கினேன். "இம்மாம் பெரிசுக்கு எவ்ளோ தூரம் தள்ளி உக்காரணும்பா?"

"இது எய்ட் கே சார். கிட்ட உக்காந்தாலும் புள்ளி தெரியாது."

"புள்ளி தெரியாது, சரி. முழுப் படம் எப்டித் தெரியும்? ஹாலே பத்தடிதான்."

"பழகிடும் சார்."

மாட்டி முடித்துக் கேபிளைப் போட்டார்கள். செய்தி வாசிக்கிற பெண்ணின் முகம் சுவர் முழுக்க வந்தது. பல் ஒவ்வொன்றும் செங்கல் அளவு, ஓரமெல்லாம் கலங்கல். என்னப்பா இது என்றால், கேபிளில் வருவது அந்தத் தரம் கிடையாதாம், எய்ட் கேயில் எடுத்த படங்கள் இனிமேல்தான் நிறைய வருமாம், டிவி முன்கூட்டியே தயாராக இருக்கிறதாம். பெண்ணே பிறக்கவில்லை, இவர்கள் மண்டபம் பிடித்து வைத்திருக்கிறார்கள். கிரிக்கெட் போட்டார்கள். பந்து போடுகிறவனிடமிருந்து அடிக்கிறவனுக்குத் தசரதன் கழுத்தைத் திருப்புவதற்குள் ஆள் அவுட்.

மறுநாள் ஞாயிறு. சாய்ந்து படுக்கிற புதுக் கட்டில் வந்தது. படுத்தபடி டிவி பார்க்க வசதியாம். பழைய மெத்தையையும் தலையணையையும் செழியன் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு போய் ரோட்டோரம் குப்பைத்தொட்டி பக்கத்தில் போட்டுவிட்டு வந்தான். எங்கள் பக்கத்தில் எந்த வீட்டில் படுக்கையைத் தெருவில் தூக்கிப் போடுவார்கள், எப்போது போடுவார்கள் என்று பெங்களூர் அவனை மறக்கடித்துவிட்டது. நான் அப்போது அங்கே இல்லை. இருந்திருந்தால் கையை ஒடித்திருப்பேன்.

பத்து மணிக்கு நான் போனபோது வாசல் நிறையச் செருப்புகள். தெருவே டிவி பார்க்க வந்திருந்தது. திரையில் ஏதோ வெளிநாட்டு மலை ரோடு. கார் கண்ணாடிக்குப் பின்னால் கேமராவை வைத்து எடுத்த படமாம். "அப்பா டிரைவராச்சே, அதான் தேடிப் புடிச்சேன்" என்றான் செழியன். உண்மையிலேயே அழகான ரோடு. ஒரு பள்ளம் கிடையாது. தசரதன் கொஞ்ச நேரம் பார்த்தார். வளைவு வரும்போதெல்லாம் இடது கை எதையோ பிடிக்கத் தேடியது. எதிரே ஒரு பஸ் வந்தது. அவர் கையைத் தூக்கினார். பஸ் பாட்டுக்குப் போய்விட்டது. எதிர் வீட்டுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதற்குப் பிறகு அவர் கண்ணைத் திறக்கவில்லை. "தூங்கறாரு, நல்லா செட் ஆயிட்டாரு" என்றான் மகன்.

வெளியே ஹாரன் இரண்டு முறை அடித்தது. உள்ளே டிவி சத்தத்தில் அது பாதிதான் கேட்டது. எனக்குக் கேட்டது. கண்ணை மூடியிருந்தவருக்கும் கேட்டது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மறுபடி இரண்டு முறை. பிறகு வண்டி நகர்ந்துவிட்டது.

அந்த வண்டியை ஓட்டியவன் மணிவேல். அவன் கண்ணில் பட்டவை இவைதான்: ஒரு நாளும் சாத்தாத ஜன்னல் சாத்தியிருக்கிறது. வாசலில் செருப்புக் குவியல். ரோட்டோரம் தசரதனின் மெத்தையும் தலையணையும். வேறு என்ன நினைப்பான்? போளூரிலிருந்து டிப்போவுக்குப் போன் போட்டுவிட்டான்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வாசலில் நிழலாடியது. காக்கிச் சட்டையோடு ஏழெட்டுப் பேர். முன்னால் மணிவேல், கையில் ஆள் உயர ரோஜா மாலை. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. உள்ளே காலை வைத்தவன் புதுக் கட்டிலில் சாய்ந்திருந்த தசரதனைப் பார்த்தான். அவர் இவனைப் பார்த்தார். மாலையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோக முயன்றான். அது அத்தனை சின்ன மாலை இல்லை.

"யாருக்குடா?" என்றார் தசரதன். அன்றைக்கு எல்லாருக்கும் புரிகிற மாதிரி வந்தது.

"கோயிலுக்குண்ணா."

"கோயிலுக்குப் போறவன் எதுக்குடா அழுதுனு வர?"

மணிவேல் அப்படியே தரையில் உட்கார்ந்து விக்கினான். செழியனுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "அறிவிருக்கா உங்களுக்கு? உயிரோட இருக்கற மனுசனுக்கு மாலை தூக்கினு வரீங்களே, ஒரு போன் பண்ணிக் கேக்கக் கூடாது?"

அதுவரை அண்ணிக்காக அடக்கி வைத்திருந்தேன். அதற்குமேல் முடியவில்லை. "அவன ஏன்டா கேக்கற? நீதான்டா சாவு சொல்லி அனுப்பின. படுக்கையத் தூக்கித் தெருவுல போட்டது யாரு? ஜன்னலுக்குப் பலகை அடிச்சது யாரு? தினம் கையத் தூக்கற மனுசன் இன்னிக்குத் தூக்கலன்னா அவன் இன்னா நெனைப்பான்? டிவி பாக்கறாருன்னா நெனைப்பான்?"

செழியன் தன் அம்மாவைப் பார்த்தான். அண்ணி தலையை ஆட்டினார். ஹாரன், கை, காபி, மாத்திரை எல்லாவற்றையும் அப்போதுதான் அண்ணி அவனிடம் சொன்னார். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டான். "நீ போன வச்சிடுவியேப்பா" என்றார்.

அவன் முகம் தொங்கிப்போயிற்று. அத்தோடு விட்டிருக்கலாம். கம்ப்யூட்டர் படித்த மூளை விடவில்லை. கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பா, ஒண்ணு பண்றேன். ஜன்னலுக்கு வெளிய ஒரு கேமரா மாட்டிடறேன். ரோடு பூரா இதுலயே தெரியும். ஜன்னல விடப் பெரிசா, பஸ் நம்பர்கூடப் பளிச்சுனு தெரியும்ப்பா."

எனக்கு அவனை அறைய வேண்டும் போல இருந்தது. தசரதன் மட்டும் கோபப்படவில்லை. திரையை ஒரு முறை பார்த்தார். ஆளே இல்லாத அந்த மலை ரோடு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு மகனைப் பார்த்து நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார்.

"அவனுங்க எனக்குத் தெரிவானுங்க. நான் அவனுங்களுக்குத் தெரிவனா?"

செழியன் அப்பாவின் கையைப் பார்த்தான். பிறகு எழுந்து டிவியை அணைத்தான், மின் வயரைப் பிடுங்கினான், கடைப் பையன் விட்டுப்போன ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். காக்கிச்சட்டைகள் இரண்டு பக்கமும் போய் நின்றன. "மாமா, நீங்களும் ஒரு கை புடிங்க" என்றான் என்னிடம், முகத்தைப் பார்க்காமல்.

என் கோபம் இன்றைக்கும் அடங்கவில்லை. ஆனால் அன்று போய்ப் பிடித்தேன். படுபாவி டிவி, அத்தனை கனம்.