அடித்துப் போட்ட மூன்று புள்ளிகள்

அலுவலக வருகைப் பதிவேட்டில் அவளுக்கு வேறு பேர் இருந்தது. ஆனால் வாசல் காவலாளியிலிருந்து மாடித் தலைவர் வரை எல்லாருக்கும் அவள் புள்ளிக்காரிதான். எங்கெங்கோ இருந்து வானத்தைப் படம் பிடித்து அனுப்புவார்கள். அதில் நின்ற இடத்திலேயே நிற்பது நட்சத்திரம், நகர்கிற புள்ளி சூரியனைச் சுற்றுகிற கல். அந்தக் கல் அடுத்த மாதம் எங்கே இருக்கும், பத்து வருஷம் கழித்து எங்கே இருக்கும், நம் பூமிப் பக்கம் வருமா, வந்தால் ஒதுங்கிப் போகுமா என்று கணக்குப் பார்த்துச் சொல்வது அவள் வேலை. வால்நட்சத்திரம் வந்தாலும் அவள் மேசைக்குத்தான் வரும். இருபத்திரண்டு வருஷமாக ராத்திரி வானத்தைப் பகலில் பார்த்தே பிழைத்தவள் அவள்.

இரண்டாவது மாடியில் அவளுக்கு ஒரு சின்ன அறை. தலைக்கு மேல் கடகடவென்று ஒரு மின்விசிறி, முன்னால் இரண்டு திரை, பின்னால் இழுப்பறை சரியாக மூடாத ஓர் இரும்பு அலமாரி. ஜன்னலைத் திறந்தால் சைக்கிள் நிறுத்துமிடம். உலகத்தையே இடிக்க வருகிற கல்லுக்கெல்லாம் கோப்பு அந்த அலமாரியில்தான் இருந்தது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். இருந்தது.

அதில் ஒரு கல்லுக்கு மட்டும் கோப்பு மூடவே இல்லை. நாலு மாடிக் கட்டடம் அளவு இருக்கும். ஆறு வருஷத்துக்கு முன்னால் பூமிக்குப் பக்கமாக வந்து, ஒன்பது நாள் கண்ணில் பட்டு, மங்கி, தூரமாகப் போய்விட்டது. ஒன்பது நாள் பார்த்ததை வைத்து அதன் பாதையை எவ்வளவுதான் துல்லியமாகச் சொல்ல முடியும்? தெருவில் நாலு அடி நடந்தவனைப் பார்த்துவிட்டு அவன் எந்த ஊருக்குப் போகிறான் என்று சொல்கிற மாதிரிதான். அதனால் கோப்பின் மேல் ஒரு கணக்கு எழுதியிருந்தது: இன்னும் இருபத்தெட்டு வருஷத்தில் பூமியில் மோத, தொள்ளாயிரத்தில் ஒரு பங்கு வாய்ப்பு. மறுபடி ஒரு தடவை கல்லைப் பார்த்துவிட்டால், மோதுமா மோதாதா என்று தீர்த்துச் சொல்லிவிடலாம். இந்த மாதம் அது திரும்பி வருகிறது. விட்டால் இனி பதினோரு வருஷம் கண்ணுக்குக் கிடைக்காது.

கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு மலை மேல் பெரிய தொலைநோக்கி. அதில் இரண்டே தடவை, தடவைக்கு ஒரு மணி நேரம் தருவதாகச் சொன்னார்கள். முதல் தடவை, கணினி காட்டிய இடத்தில் தேடினார்கள். நட்சத்திரம் இருந்தது, கல் இல்லை. மிச்சம் ஒரே ஒரு மணி நேரம். அதற்கும் ஐந்து நாள் இருந்தது.

தலைவர் நல்ல மனுஷர், பயந்த மனுஷர். அதே இடத்துக்கு அக்கம்பக்கம் தேடுவோம் என்றார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. எதற்காக அக்கம்பக்கம், எந்தப் பக்கம் என்று கேட்டாள். அவர் கையை விரித்தார். எந்தப் பக்கம் என்று இவளுக்கும் அன்றைக்குத் தெரியாது.

வீட்டுக்குப் போனால் அங்கே நாத்தனார். வீட்டு மனுஷர் வாயைத் திறக்காதவர், தங்கை அவருக்கும் சேர்த்துப் பேசுவாள். "அண்ணி, ஒரு சாவிக்கொத்தைத் தொலைச்சா நாங்க கட்டிலுக்கு அடியில பார்ப்போம். நாலு மாடிக் கட்டடத்தைத் தொலைச்சிட்டு எங்க போய்த் தேடுவீங்க?" என்றாள். புள்ளிக்காரிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் காலை அந்த மூடாத இழுப்பறையிலிருந்து பழைய கோப்பை எடுத்து, முதல் தாளிலிருந்து பார்த்தாள். அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. புள்ளி எந்த நேரத்தில் எங்கே இருந்தது என்று வருகிற அளவு எதுவானாலும் கிழித்துப் போட மாட்டார்கள். பாதையோடு ஒத்து வராத அளவின் மேல் சிவப்புக் கோடு இழுத்து, இழுத்தவர் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கோப்பில் மூன்று அளவின் மேல் சிவப்புக் கோடு இருந்தது. மற்ற எல்லாரும் கல்லைக் கண்டுபிடிப்பதற்கு நாலு நாள் முன்னாலேயே, ஏதோ ஓர் ஊரில் ஒரு மருந்துக்கடைக்காரர் தன் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பிடித்த மூன்று படங்கள். கையெழுத்து யாருடையது என்று பார்த்தாள். அவளுடையதேதான்.

வேறு யாராவது என்றால் கோப்பை மூடி வைத்துவிட்டு, தலைவர் சொன்னபடி அக்கம்பக்கம் தேடப் போயிருப்பார்கள். இவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மூன்று புள்ளியையும் பாதையில் வைத்துப் பார்த்தாள். கை தவறி அளந்தவன் புள்ளி மேலே ஒன்று, கீழே ஒன்று என்று சிதறும். இவை சிதறவில்லை. மூன்றும் பாதை மேலேயே இருந்தன, இருக்க வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தன, அவ்வளவுதான். முதல் இரண்டும் ஒரே அளவு முன்னால். மூன்றாவது ஏறக்குறைய அதைப்போல இரண்டு மடங்கு முன்னால். சும்மா தப்புச் செய்கிறவனுக்கு இப்படி ஒழுங்காகத் தப்புச் செய்ய வராது. இடம் சரி, மணிதான் தப்பு என்று அவளுக்குப் பொறி தட்டியது.

கோப்பில் இருந்த தொலைபேசி எண்ணைச் சுழற்றினாள். யாரோ இருமுகிற சத்தத்துக்கு நடுவில் மருந்துக்கடைக்காரர் பேசினார். எந்த அலுவலகம் என்று கேட்டதும் குரல் மாறிவிட்டது.

"ஆறு வருஷம் கழிச்சு இப்பதான் நினைப்பு வந்துச்சா? என் மூணு படத்தையும் தூக்கி எறிஞ்சவங்கதானே நீங்க?"

"எறிஞ்சது நான்தாங்க. கையெழுத்தும் என்னோடதுதான்."

சண்டைக்குத் தயாராக நின்றவருக்குச் சண்டை போட ஆள் இல்லாமல் போய்விட்டது. மெதுவாக, என்ன வேணும் சொல்லுங்கம்மா என்றார்.

படம் பிடிக்கும்போது மணியை எப்போது எழுதுவீர்கள் என்று கேட்டாள். கேமரா மூடியைத் திறந்தவுடனே எழுதிவிடுவேன், அப்புறம் என்றால் மறந்துபோகும் என்றார் அவர். அங்கேதான் இருந்தது சங்கதி. மூடி திறந்திருக்கிற நேரம் முழுக்கக் கல் நகர்ந்து, படத்தில் சின்னக் கோடாக விழும். கோட்டின் நடுவை அளந்தால், திறந்ததுக்கும் மூடியதுக்கும் நடு நேரத்தைத்தான் எழுத வேண்டும். இந்த வேலையில் இருக்கிறவர்களுக்கு அது கைப்பழக்கம். அவர் கடையில் மருந்து கொடுக்கிறவர், அவருக்கு யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

"முதல் ரெண்டு படத்துக்கும் ஒரு நிமிஷம் திறந்து வெச்சீங்க. மூணாவதுக்கு ரெண்டு நிமிஷம். சரியா?"

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் யார்கிட்டயும் சொல்லலையே."

"உங்க புள்ளி சொல்லுச்சு."

அவர் வாடிக்கையாளரை நிற்க வைத்துவிட்டு உள்ளே போய்ப் பழைய நோட்டைத் தேடி எடுத்து வந்தார். மெல்லிசாக மேகம் வந்ததால் மூன்றாவதை மட்டும் இரண்டு நிமிஷம் வைத்ததாக அதில் எழுதியிருந்தது. இரண்டு தடவை படித்துக் காட்டினார்.

முதல் இரண்டுக்கும் அரை நிமிஷம், மூன்றாவதுக்கு ஒரு நிமிஷம் கூட்டிப் போட்டாள். மூன்று புள்ளியும் ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்தன. பழைய பாதைக்கும் அவற்றுக்கும் நடுவில் மயிரிழை மிச்சம் இருந்தது. அந்த மயிரிழைதான் ஆறு வருஷத்தில் வளர்ந்துவிட்டது. கையை நீட்டிப் பிடித்தால் வானத்தில் நாலு விரல் அகலம் தள்ளி நின்றது புது இடம்.

தலைவர் தாளை மூன்று தடவை படித்தார். கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இருக்கிறது ஒரே மணி நேரம், ஒரு மருந்துக்கடைக்காரர் சொன்னதை நம்பி எப்படி என்று இழுத்தார். பிறகு, அரை மணி நேரம் பழைய இடம், அரை மணி நேரம் உன் இடம் என்று பேரம் பேசினார்.

"அந்தக் கல்லு இப்ப அவ்வளவு மங்கல் சார். இருபது நிமிஷத்துக்கு ஒண்ணா மூணு படம் எடுத்தாத்தான் அது கல்லுதான்னு தெரியும். ரெண்டாப் பிச்சா ரெண்டு பக்கமும் ஒண்ணும் தெரியாது."

"அங்க இல்லேன்னா என்னம்மா செய்யறது?"

"சிவப்புக் கோட்டை என் மேல இழுங்க. கையெழுத்தையும் நீங்களே போடுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பேனாவும் வந்துவிட்டது.

அந்த மலையில் ராத்திரியாக இருக்கும்போது இங்கே காலை பதினொரு மணி, நல்ல வெயில். கல் போகும் வேகத்துக்கே தொலைநோக்கியை நகர்த்தச் சொல்லியிருந்தாள். அப்படிச் செய்தால் நட்சத்திரமெல்லாம் கோடாக இழுபடும், கல் மட்டும் புள்ளியாக நிற்கும். திரையில் படம் வந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்தால் கல் வந்துவிடுமா? அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கோடு கோடாகப் பார்த்துக்கொண்டே இடது பக்கம் வந்தாள். நடுவிலிருந்து நகக்கண் அளவு தள்ளி, இழுபடாமல் ஒன்று நின்றது. ஊசியால் குத்தின மாதிரி ஒரே ஒரு புள்ளி.

அவள் விரல் வைத்துக் காட்டினாள். அடுத்த படத்திலும் அதே இடத்தில் இருந்தது, அதற்கடுத்ததிலும் இருந்தது. அறை வாசலில் ஆள் சேர்ந்துவிட்டது. கீழே இருந்த காவலாளிகூடப் படியேறி வந்துவிட்டார், எதற்கு என்று அவருக்கே தெரியாது.

அளந்து, கணக்கில் போட்டாள். ஆறு வருஷமும் சேர்ந்து பாதை இறுகி ஒரே கோடானது. இருபத்தெட்டு வருஷம் கழித்து வரும் அந்த நாளில், நிலாவைவிட மூன்று மடங்கு தூரத்தில் கல் தன் வழியே போய்விடும். தொள்ளாயிரத்தில் ஒன்று என்று இருந்த இடத்தில் பூஜ்ஜியம் வந்தது. தலைவர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார், விடவே இல்லை. கையை உருவிக்கொண்டுதான் அவள் தொலைபேசியை எடுக்க வேண்டியிருந்தது.

மருந்துக்கடையில் நல்ல கூட்டம் போலிருக்கிறது. உங்கள் மூன்று புள்ளியும் கணக்கில் ஏறிவிட்டது, கல்லை முதலில் பார்த்தவர் என்று உங்களைத்தான் எழுதியிருக்கிறேன் என்றாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, கடையில் நிற்கிறவர்களிடம் அவர் உரக்கச் சொல்வது இவள் காதில் விழுந்தது. யாரோ ஒரு பெரியவர், அப்போ அந்தக் கல்லு நம்ம தலையில விழாதா என்று கேட்டார்.

"விழாது பெரியவரே. அந்தம்மா பார்த்துட்டாங்க, நானும் பார்த்துட்டேன். நீங்க மாத்திரையை மறக்காம ரெண்டு வேளை போடுங்க."