குடும்பப் பெயர் என்ற கட்டம்

ரங்கூனில் பசுந்தாங் பேட்டையில் ஒரு போட்டோகாப்பி கடையின் வாசலோரம் எனக்கு ஒரு மேசை உண்டு. வெளிநாடு போகிறவர்களின் பிறப்புச் சான்றிதழ், குடும்பப் பட்டியல், படிப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் பர்மியத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றித் தட்டச்சு செய்து கொடுப்பது என் வேலை. சில வருடங்களாக அந்த மேசைக்கு ஓய்வே இல்லை. எங்கள் தெருப் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கொண்டுவரும் விண்ணப்பங்களில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். பர்மியருக்கும் குடும்பப் பெயர் கிடையாது, இங்கேயுள்ள தமிழர்களான எங்களுக்கும் கிடையாது. அதில் ஒரு சிறு கோடு போட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவேன்.

என் மகள் இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். அவளுடைய விண்ணப்பத்திலும் நான்தான் அந்தக் கோட்டைப் போட்டேன். அங்கே யாரோ அவள் பெயரின் கடைசித் துண்டை வெட்டிக் குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். அவள் மணந்துகொண்ட பர்மியப் பையனுக்கும் அப்படியே. இரண்டும் இரண்டு விதமான துண்டுகள். போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் போன் செய்தாள். அவளுக்கு அங்கே மதிய இடைவேளை. வயிற்றில் ஏழு மாதம்.

"அப்பா, புள்ளைக்கு ஒரு குடும்பப் பேரு வெக்கணும். எங்க ரெண்டு பேரோட துண்டும் வேணாம். இங்க நெறையப் பேருக்கு ஊரு பேருதான் குடும்பப் பேரு. நாமளும் நம்ம பெரியவங்க வந்த ஊரு பேர வெச்சிரலாம்னு பாக்குறோம். எந்த ஊருப்பா அது?"

"பாத்துச் சொல்றேம்மா," என்றேன். தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை.

வேலையில்லாத பிற்பகல்களில் அந்த ஆங்கிலப் பெயர்களைப் பற்றிப் போனில் படிக்க ஆரம்பித்தேன். இத்தனை வருடம் ஆங்கிலத்தோடு பிழைத்தும், அந்தப் பெயர்களுக்குள் வயலும் ஆறும் இருப்பது எனக்குத் தெரியாது. நார்ட்டன் என்றால் வடக்குப் பண்ணை. பிராட்ஃபோர்ட் என்றால் ஆற்றை நடந்தே கடக்கக்கூடிய அகன்ற இடம். பிராட்லி, காட்டுக்கு நடுவே பரந்த வெளி. 'by' என்ற எழுத்துகளில் முடிந்தால், கடல் தாண்டி வந்து குடியேறியவர்களின் கிராமம். குன்றருகே வீடு இருந்தவன் வெறும் ஹில்.

ஒரு இடத்தில் மட்டும் நின்றுவிட்டேன். ஒருவன் தன் ஊரிலேயே இருக்கும்வரை அவனை யாரும் ஊர் பெயரால் கூப்பிட மாட்டார்கள். அங்கே எல்லோருக்கும் அதே ஊர்தானே. பிழைப்புக்காக வேறு இடம் போன பிறகு, அங்கே இருந்தவர்கள் வைத்த பெயர்தான் பெரும்பாலும் நிலைத்ததாம். போனைக் கவிழ்த்து வைத்தேன். என் மேசைக்கு வந்துபோன பிள்ளைகளின் முகங்கள் வரிசையாக வந்தன. அன்று அதற்குமேல் படிக்கவில்லை.

அப்பாவின் காகிதங்களைத் தேடி எடுத்தேன். அவர் பிறந்த இடம் ரங்கூன். அவருடைய அப்பா ரயில்வே வேலைக்குக் கப்பலில் வந்தவர். அவரைப் பற்றி இருந்த ஒரே தாளில், ஊர் என்ற இடத்தில் மதராஸ் என்று எழுதியிருந்தது. அந்தக் கப்பலில் வந்த எல்லோருக்கும் குமாஸ்தா அதையேதான் எழுதியிருப்பான்.

அப்பாவோடு துறைமுகக் கிடங்கில் வேலை பார்த்த ஒருவர் இன்னும் நகரத்தின் மறுகோடியில், அந்தக் கிடங்கு இருந்த அலோனில் இருக்கிறார். தொண்ணூறை நெருங்குகிறது வயது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் அவரைக் கேட்டேன்.

"ஊரா? ஒங்கப்பாரு அதப் பத்தி வாயத் தொறந்ததே இல்ல தம்பி."

"ஒரு தடவகூடவா?"

"இல்லியே. நாங்க அவர பசுந்தாங்காருன்னுதான் சொல்லுவோம். அந்தப் பக்கத்துலேருந்து இங்க வேலைக்கி வந்தவரு அவரு ஒருத்தருதான். பசுந்தாங்காரு வந்துட்டாரா, பசுந்தாங்காரு மகன் பாஸாயிட்டானான்னு பேசிக்குவோம்."

எங்களுக்கு அப்படி ஒரு பெயர் இருந்தது எனக்கு அன்றுவரை தெரியாது. அப்பா வீட்டில் சொன்னதேயில்லை.

மகளிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். பசுந்தாங்காரு கதையையும் சொன்னேன்.

"அப்ப அதயே வெச்சிரலாமேப்பா."

"எத?"

"பசுந்தாங்."

"அது பர்மிய வார்த்தம்மா. எறாக் குன்றுன்னு அர்த்தம். ஒரு புள்ளைக்கு வெக்கிற பேரா அது?"

"இங்க ஒரு அம்மா பேருக்குப் பன்னிப் பண்ணைன்னு அர்த்தமாம். அவுங்களே சொல்லிச் சிரிப்பாங்க. எனக்கு ஊருன்னா அதுதானேப்பா. எழுத்தச் சொல்லுங்க."

ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள். கடைசி எழுத்தைச் சொல்லும்போதுதான் இவள் இனி இங்கே வாழ வரமாட்டாள் என்பது எனக்கு உறைத்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பெண் குழந்தை பிறந்தது. சில வாரம் கழித்துப் பிறப்புச் சான்றிதழைப் படம் எடுத்து அனுப்பினாள். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் நான் சொன்ன எழுத்துகள் அப்படியே இருந்தன. யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. வீட்டுக்குக் கீழே இருக்கும் தேநீர்க் கடைக்காரரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்துவிட்டு, இது நம்ம பேட்டையின் பெயராயிற்றே, ஆபீசில் தவறாக எழுதிவிட்டார்களா என்று பர்மியத்தில் கேட்டார். இல்லை என்றேன். விளக்கத் தொடங்குவதற்குள் வேறு மேசையிலிருந்து அவரைக் கூப்பிட்டார்கள்.

மாடிக்கு வந்து குழந்தையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூக்கு அப்படியே இறந்துபோன என் மனைவியின் மூக்கு. அதைச் சொல்ல வீட்டில் யாரும் இல்லை.