கடைசியாக வந்தவன் பெயரையும் எழுதுங்கள்

ஜப்பான்காரர்கள் மலாக்காவை ஆண்ட காலம். எனக்கு இருபத்துநான்கு வயது. வீடு காஜா பெராங்கில். பண்டார் ஹிலிரில் ஒரு துணிக்கடைக்குச் சைக்கிளில் சரக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் பிழைப்பு.

தங்கள் சக்கரவர்த்தியின் பிறந்த நாளுக்கு அவர்கள் சைக்கிள் பந்தயம் வைத்தார்கள். பண்டார் ஹிலிர் திடலில் புறப்பட்டு, பத்து பெரெண்டாம் போய், செமாபோக் வழியாகத் திரும்ப வேண்டும். முதல் பரிசு ஒரு மூட்டை அரிசி. என் மனைவிக்குப் பிள்ளை பிறந்து பதினைந்து நாள். பெற்ற உடம்புக்கு மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். அந்த மூட்டை எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

சுற்றிலும் ரப்பர் தோட்டம், சைக்கிளுக்கு டயர் கிடையாது! பழைய லாரி டயரை வாராக அறுத்து, சக்கரத்தில் கம்பியால் கட்டி ஓட்டினோம். மிதித்தால் முதுகெலும்பு வரைக்கும் அதிரும்.

அப்போதெல்லாம் ஜப்பான் காவலாளியைக் கண்டால் சைக்கிளை விட்டிறங்கிக் குனிந்து வணங்கவேண்டும். மறந்தால் அறை விழும். ஆனால் பந்தயத்துக்குமுன் மொழிபெயர்ப்பாளர், அவரும் நம் ஆள்தான், எங்களிடம் சொன்னார்:

"இன்னிக்கு யாரும் இறங்க வேணாம். போய்க்கிட்டே இருங்க."

நம்பினேன். பத்து பெரெண்டாம் வரை நான்தான் முதல். அங்கே நின்ற காவலாளியிடம் இந்தச் சேதியை எவரும் சொல்லவில்லை! துப்பாக்கியை நீட்டி மறித்தான். இரண்டு அறை. காதுக்குள் ரீங்காரம். சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வெயிலில் நிற்கச் சொன்னான். பின்னால் வந்தவர்கள் என்னைப் பார்த்ததும் பதறி இறங்கி, குனிந்துவிட்டு, ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. அந்தக் காவலாளிமேல்தான் ஆத்திரம் வந்தது.

அவன் போகச் சொன்னபோது கைகள் மரத்திருந்தன. அரிசி போய்விட்டது என்று தெரியும். நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. செமாபோக் பக்கம் திருப்பி மிதித்தேன். என்னை அடிக்கலாம், நிறுத்தி வைக்கலாம்; பாதியில் விட வைக்க முடியாது என்று வழியெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன்.

திடலில் கூட்டம் கலைந்திருந்தது. மூட்டையை வேறொருவர் வாங்கிப் போய்விட்டார். மொழிபெயர்ப்பாளர் மட்டும் மேசையை மடக்கிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் ஹாபிஸ், முடிஞ்சுபோச்சு தம்பி, வீட்டுக்குப் போ."

"கோடு எங்கண்ணே போட்டீங்க?"

என் கன்னத்தைப் பார்த்தார். தரையைக் காட்டினார். சுண்ணாம்புக் கோடு பாதி அழிந்து கிடந்தது. அதன்மேல் ஓட்டிக் கடந்துவிட்டு வந்து நின்றேன்.

"இப்ப எம் பேரை எழுதுங்க."

அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, காகிதத்தை எடுத்துக் கடைசியில் எழுதினார்.

வீட்டில் மனைவி என் முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டாள். நடந்ததைச் சொன்னேன். அரிசியைப் பற்றி அவள் கேட்கவே இல்லை.

"முழுசா ஓட்டிட்டுத்தானே வந்தீங்க?"

"ஆமா."

"அப்பச் சரி. உட்காருங்க, சாப்பிடலாம்."

அன்றும் கிழங்குதான். அதற்குப்பின் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னிடம் 'முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போ' என்று சொல்லியிருக்கிறார்கள். என் ஓட்டம் எங்கே முடிகிறது என்பதை அவர்கள் யாரையும் நான் தீர்மானிக்க விட்டதில்லை.