சூளைக்காரனுக்கு ஒரு வெள்ளை அங்கி

டிங். டிங். டொக்.

முதல் இரண்டும் நல்ல கோப்பை, மூன்றாவது விரிசல். விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனி வேலை பார்ப்பவனுக்குக் கண் அப்புறம்தான். சூளையிலிருந்து இறக்கிய சரக்கை விரல் முட்டியால் தட்டி, காதால்தான் பிரிக்க வேண்டும். ராத்திரி முழுக்க சூளைக்குக் காவல், விடிகிற நேரத்தில் இந்தத் தட்டல். இருபது வருஷமாக இதுதான் என் பிழைப்பு. நைட் ஷிஃப்ட் பார்க்கிறவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஊர் பேசிச் சிரிக்கிற நேரத்தில் நாம் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறோம். உள்ளூர்க் கல்யாணத்துக்குப் போனால்கூட நம்மைப் பார்த்து, "எப்ப வந்தீங்க ஊருக்கு?" என்கிறார்கள்.

வெளியே நின்றவன்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். எங்கள் சர்ச் ஜன்னல் வழியாகப் பாட்டு வந்தது. ஆராதனைக்கு முன்னால் பாடகர் குழுவின் ஒத்திகை. சின்ன வயதிலிருந்து கேட்ட பாட்டுதான். அன்றைக்கு என் காதுக்கு என்ன ஆனதோ, நான்கு குரல் நான்கு வழியில் போய், வரி முடிகிற இடத்தில் ஒன்றாக வந்து நின்றது கேட்டது. நாற்பது கோப்பையை ஒரே நேரத்தில் தட்டி, ஒன்றில்கூட விரிசல் இல்லையென்றால் எப்படி இருக்கும்? ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி அப்படியே நின்றுவிட்டேன். உடம்பு சிலிர்த்தது. இவர்கள் நடுவில் நிற்க ஒரு இடம் கிடைத்தால் போதும் என்று இருந்தது.

குழுவில் அடிக்குரல் பாடுகிற ஆட்டோக்காரர் தேவராஜ் லேட்டாக ஓடிவந்தார். என்னைப் பார்த்ததும் சொன்னார்: "உள்ள வாங்கண்ணே. வெளிய நின்னு கேட்டா வெயிலுதான் மிச்சம்."

கூடப் பாடியது யார்?

குழுவில் சேர்ந்த உடனே, பாடகர்கள் போடுகிற வெள்ளை அங்கி கிடைக்காது. ஒரு வருஷம் பயிற்சி. ஒத்திகையில் பாடலாம். ஆராதனையில் பின்பெஞ்சில் சாதாரணச் சட்டையோடு உட்கார்ந்து, புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வாயை மூடியிருக்க வேண்டும். கடைசியில் ஒரு பரீட்சை. ஒவ்வொரு குரலுக்கும் ஒரு ஆள் என்று நான்கு பேர் சேர்ந்து பாட வேண்டும், கீபோர்டு கிடையாது. தேறினால் அறுப்பின் பண்டிகை அன்று அங்கி.

எனக்கு அடிக்குரல் கொடுத்தார்கள். வாரம் ஒரு ஒத்திகை போதவில்லை. சூளைக்குக் காற்றுத் தள்ளுகிற புளோயர் ஒரே சுருதியில் 'ம்ம்ம்' என்று ஓடிக்கொண்டே இருக்கும். அதைத் தம்புரா மாதிரி வைத்துக்கொண்டு மூன்று மாதம் நானே பாடிப் பழகினேன். யாரும் சொல்லித் தராமலே கற்றுக்கொண்டேன் என்று உள்ளுக்குள் பெருமை வேறு.

குழுவை நடத்துகிறவர் எஸ்தர் டீச்சர், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஒருநாள் பாதிப் பாட்டில் கையைத் தூக்கி நிறுத்தினார். எந்தச் சுருதியில் தொடங்கினாலும் மூன்றாவது வரிக்குள் என் குரல் ஒரே இடத்துக்கு வழுக்கிப் போகிறதாம், பக்கத்தில் நிற்பவர்களையும் இழுத்துக்கொண்டு. என்னைத் தனியாக வேறு பாட்டுப் பாடச் சொன்னார். அதிலும் அதே இடம். "யாரு கூடண்ணே பாடிப் பழகுறீங்க?" என்றார். சூளை புளோயர்கூட என்று சொல்ல வேண்டியதாயிற்று. எல்லோரும் சிரித்தார்கள். "அதுக்கும் ஒரு அங்கி தைக்கச் சொல்லுங்க டீச்சர்" என்றார் தேவராஜ். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "அது மூச்சு வாங்காதுண்ணே. நாங்க வாங்குவோம். அதக் கேட்டுப் பாடுங்க."

முதல் பரீட்சை

சுருதி பிசகவில்லை, வரி மறக்கவில்லை. முடிந்ததும் டீச்சர் சொன்னார்: "சரியாத்தான் பாடுனீங்க. ஆனா தனியாப் பாடுனீங்க. ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவ பாப்போம். அதுலயும் ஆவலன்னா அடுத்த வருஷந்தான்."

வீட்டுக்கு வந்து, விட்டுவிடலாம் என்று பார்க்கிறேன், நமக்கெல்லாம் கூட்டம் ஒத்துவராது என்றேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இருவது வருஷமா சூள பக்கத்துல உக்காந்திருக்கீங்க. நாலு மனுசங்க பக்கத்துல உக்கார முடியலையா உங்களுக்கு?"

இரண்டாவது

கோப்பையைத் தட்டும்போது நான் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விடுவேன். அன்றைக்கு அதையே செய்தேன். என் குரலைத் தாழ்த்திக்கொண்டு அவர்களைக் கேட்டேன். பக்கத்தில் பாடிய, எங்கள் குழுவின் நர்ஸம்மா வரி முடிந்ததும் மூச்சு இழுக்கிற சின்னச் சத்தம் கேட்டது. இத்தனை மாதத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை. நானும் அங்கேயே மூச்சு வாங்கினேன். டீச்சர் புத்தகத்தை மூடினார். "போறப்ப அங்கி அளவு குடுத்துட்டுப் போங்கண்ணே."

பண்டிகை

பலிபீடத்தைச் சுற்றிக் கரும்பு, பூசணி, நெற்கதிர்க் கட்டு. போதகர் ஐயா ஜெபம் பண்ணி அங்கியை மாட்டிவிட்டார். அங்கியின் கை ஒரு சாண் குட்டை. எல்லோரும் எழுந்தார்கள், பாட்டு தொடங்கியது.

நான் வாயைத் திறந்தேன். என் குரலைக் காணோம். நிஜமாகவே எனக்குக் கேட்கவில்லை. இந்த நாளில் போய்த் தொண்டை அடைத்துக்கொண்டதா என்று பயந்து நெஞ்சில் கை வைத்தேன். உள்ளே அதிர்ந்துகொண்டிருந்தது. முன்னால் இருந்த பெஞ்சைத் தொட்டேன், அதுவும் அதிர்ந்தது. எது என்னுடையது, எது தேவராஜுடையது என்று பிரிக்கத் தெரியவில்லை. பிரிப்பதையே தொழிலாக வைத்திருக்கிற என் காது முதல் தடவையாகக் கையை விரித்துவிட்டது. கண் கலங்கி, கடைசி வரிகளைப் புத்தகம் பார்க்காமல்தான் பாடினேன்.

வெளியே வந்ததும் டீச்சரிடம் பயந்துகொண்டே கேட்டேன்: "டீச்சர், என் கொரலு எனக்கே கேக்கலையே?" அவர் வராண்டாவில் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார்: "எனக்குக் கேட்டுதுண்ணே."

ஒரு வருஷம் பாட்டுப் படித்து நான் கற்றுக்கொண்டது வாயை எவ்வளவு திறக்கக் கூடாது என்பதைத்தான் என்று நினைத்துக்கொண்டே, மறுநாள் விடியலில் தட்டில் இருந்த அடுத்த கோப்பையை எடுத்துத் தட்டினேன்.